ராஜினாமா எழுதிக் கேட்பவர்கள்

ராஜினாமாக் கடிதம் எழுதித் தரச் சொல்லி வருகிறவரை நான் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பேன். ஆள் திடமாக இருந்தால் பிரச்சினை இல்லை. அரைப் பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்துவிடுவேன். காலில் கட்டு, மடங்காத விரல், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி என்று ஏதாவது தெரிந்தால் மட்டும், "உட்காருங்க, இதை எழுதிக்கிட்டு வரச் சொன்னது யாரு?" என்று கேட்பேன்.

சின்ன காஞ்சிபுரம் தேரடிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் மனு எழுதுகிறவன் நான். முதியோர் உதவித்தொகை, பட்டா மாற்றம், ரேஷன் கார்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்கான மனு என்று எல்லாமும் எழுதுவேன். அப்பா குழித்தறியில் பட்டு நெய்தவர். எனக்கு இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் போனது. மிதிகட்டை மிதிக்க இரண்டு காலும் வேண்டும் என்பதால் நாடாவுக்குப் பதில் பேனா என் கைக்கு வந்தது.

என் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான். "முதலாளிதான் சார் சொன்னாரு. கௌரவமா எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டா பாத்துச் செய்யறேன்னாரு." இந்த ஊரில் யாரையும் யாரும் வேலையை விட்டு நீக்குவதே கிடையாது. "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க" என்பார்கள், "பையனை அனுப்புங்களேன்" என்பார்கள். எழுத்தில் இருப்பது எல்லாம் தொழிலாளி தன் கைப்பட எழுதிய ராஜினாமா மட்டுமே. பிறகு வழக்கு என்று போனால், "நாங்க எங்கே நீக்கினோம், அவரே விலகிட்டாரு" என்று அந்தத் தாளை நீட்டுவார்கள்.

இந்த இடத்தில் நான் சொல்லும் கதை பஞ்சாப் மின்வாரியத்தில் உதவி லைன்மேனாக இருந்த பகவான் தாஸ் என்பவருடையது. 1994-இல் வேலையில் இருக்கும்போதே அவருக்கு இரண்டு கண்ணும் முழுதாகப் போய்விட்டது. கண் தெரியாதவன் கம்பம் ஏற முடியாதே என்று அவரே 1996-இல் வாரியத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தார்: எனக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள், என் மனைவிக்கு ஒரு வேலை கொடுங்கள். வாரியம் 1997-இல் முதல் பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டது. மனைவிக்கு வேலை கிடைக்கவில்லை. ஆனால் அவர் அந்தக் கடிதம் எழுதும்போதே நாட்டில் ஒரு சட்டம் நடைமுறையில் இருந்தது. 1995-இல் நிறைவேறி 1996 பிப்ரவரியில் அமலுக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் அது. அரசு சார்ந்த வேலையில் இருக்கும்போது ஒருவருக்கு ஊனம் ஏற்பட்டால் அவரை நீக்கவும் கூடாது, பதவி இறக்கவும் கூடாது என்று அதன் 47-ஆவது பிரிவு சொன்னது. பார்க்கும் வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். வேறு வேலை காலி இல்லையா, காலியாகும் வரையோ ஓய்வு வயது வரையோ அவருக்கென்று கூடுதலாக ஒரு பணியிடம் உண்டாக்கி வைத்திருக்க வேண்டும்.

பகவான் தாஸுக்கு இது தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அதிகாரிகள் சொல்லவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2008 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. உரிமை தெரியாமல் எழுதிய கடிதத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவரை வெளியேற்ற முடியாது, சட்டப்படி அவருக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது என்பதை எடுத்துச் சொல்வது அதிகாரிகளின் கடமை என்று சொல்லி, அவர் தொடர்ந்து பணியில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். இதை நான் சொல்லி முடிக்கும்போது எதிரில் இருப்பவர் ராஜினாமாவுக்காக வாங்கிவந்த வெள்ளைத்தாளை மெதுவாக மடிக்க ஆரம்பித்திருப்பார்.

ஆனால் உடனே அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும்: "நீங்க கவர்மெண்ட்டா, பிரைவேட்டா?" ஏனென்றால் சட்டம் அந்த வாசலில்தான் இரண்டாகப் பிரிகிறது.

அரசு பக்கத்தில் கோட்டை பலமாகவே இருக்கிறது. எஸ்எஸ்பி என்ற மத்தியப் படையில் காவலராக இருந்த குணால் சிங்குக்குப் பணியில் பட்ட காயத்தால் இடது காலை எடுக்க வேண்டி வந்தது. இயலாமை ஓய்வூதியம்தான் கொடுத்துவிட்டோமே என்று அரசு தரப்பு வாதாடியது. ஓய்வூதியம் கொடுத்தால் வேலை உரிமை போய்விடாது என்று 2003-இல் தீர்ப்பு வந்தது. நம் பக்கத்திலேயே, மதுரை அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நிறக்குருடு என்று வெளியேற்றப்பட்ட ஓட்டுநர் முத்து வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. நிறக்குருடு அந்தச் சட்டத்தின் ஊனப் பட்டியலில் இல்லையே என்றது கழகம். பட்டியலில் இல்லாவிட்டாலும், பணிக்காலத்தில் வந்த குறையால் வேலை போகிறதென்றால் 47-ஆவது பிரிவு காக்கும் என்றது நீதிமன்றம். பஸ் ஓட்ட முடியாதவர் டிப்போவில் வேறு வேலை பார்க்க முடியாதா என்ன? இதே நிறக்குருடு விவகாரம் தெலங்கானா போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஜோசப் வழக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2025 ஆகஸ்டில் மாற்று வேலை கொடுக்க உத்தரவானது. மாற்று வேலை இல்லை என்று வாயால் சொன்னால் போதாது, தேடிப் பார்த்ததற்கு நிர்வாகம் கணக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். கழகங்கள் இருபது வருடமாக ஒரே வழக்கைத் தோற்றுக்கொண்டே இருக்கின்றன. தோற்கும் செலவு அதிகாரியின் பையிலிருந்து போவதில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

1995 சட்டத்துக்குப் பதிலாக 2016-இல் புதுச் சட்டம் வந்து, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய 47-ஆவது பிரிவு இதில் 20-ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. ஊன வகைகள் 7-லிருந்து 21 ஆயின. நடுக்குவாதம், ஹீமோபிலியா, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டோர் எல்லாரும் உள்ளே வந்தார்கள். இதைவிடப் பெரிய மாற்றம், 'நியாயமான ஏற்பாடு' என்ற கடமை. முதலாளி தலையில் தாங்க முடியாத சுமையாக விழாத வரை, அந்த ஆள் வேலை செய்வதற்கு ஏற்றபடி இடத்தையோ, நேரத்தையோ, கருவியையோ, வேலைப் பங்கீட்டையோ மாற்றித்தர வேண்டும். மாற்றித்தர மறுப்பதே பாகுபாடு. எழுதும்போது விரல் இழுத்துக்கொள்ளும் நோயுள்ள விகாஷ் குமார், சிவில் சர்வீஸ் தேர்வில் எழுதித்தர ஆள் கேட்டுப் போட்ட வழக்கில் 2021 பிப்ரவரியில் வந்த தீர்ப்புதான் இதை விரித்துச் சொன்னது. 40 சதவீத ஊனச் சான்றிதழ் இட ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு வேண்டும், பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்புக்கு அந்த 40 கணக்குத் தேவையில்லை என்பதும் அதில்தான் தெளிவானது. 2023-இல் நம்ம ஈபி, அதாவது டான்ஜெட்கோ, நிறக்குருடு என்று உதவிப் பொறியாளர் வேலை தர மறுத்த முகமது இப்ராஹிம் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இந்த நியாயமான ஏற்பாட்டைச் சொல்லித்தான் வேலை கொடுக்க வைத்தது.

"பிரைவேட்" என்று பதில் வந்தால் என் குரல் கொஞ்சம் இறங்கும்.

காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் சேல்ஸ்மேனாக இருந்தவர் ஒருவர் வந்தார். பழைய மாதிரிக் கடை. வெள்ளை மெத்தை விரித்து, சேல்ஸ்மேன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாடிக்கையாளர் மடி வரைக்கும் முந்தானையை விசிறிவிட வேண்டும். அப்படி விசிறும்போது ஜரிகை வெளிச்சத்தில் ஒரு தரம் மின்ன வேண்டும். அந்த வித்தை எல்லாருக்கும் வராது, அவருக்கு வந்தது. சர்க்கரையில் முதலில் வலது கால் விரல்கள் போயின, பிறகு பாதம் போனது. "சம்மணம் போட முடியல சார். காலை நீட்டி உட்காந்தா கஸ்டமர் முகம் சுளிக்கிறாங்கன்னு மேனேஜர் சொல்றாரு. எழுதிக் குடுத்துடச் சொல்லி மூணு தரம் சொல்லிட்டாங்க."

20(4) இவருக்கு உதவாது. அதில் 'அரசு நிறுவனம்' என்றே போட்டிருக்கிறது. தனியார் கடைக்குப் பொருந்துவது மூன்றாவது பிரிவு: ஊனத்தைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது. அதற்குள்ளும் ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். நியாயமான நோக்கத்துக்காக, அளவோடு செய்ததுதான் என்று காட்டிவிட்டால் தப்பிக்கலாம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் விரிவான சமவாய்ப்புக் கொள்கை எழுதி, தொடர்பு அலுவலர் ஒருவரையும் வைக்க வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன. அந்தக் கொள்கையை ஒட்டி வைத்திருக்கும் கடையை இந்தத் தெருவில் நான் இன்னும் பார்த்ததில்லை. சட்டத்தை மீறினால் முதல் முறை அபராதம் 10,000 ரூபாய் வரை. அந்தக் காசுக்கு அதே கடையில் சுமாரான ஒரு முகூர்த்தப் பட்டுகூட வாங்க முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். அவர் விசாரித்துப் பரிந்துரைப்பார். நிர்வாகம் அதை ஏற்காவிட்டால் மூன்று மாதத்துக்குள் காரணம் சொல்ல வேண்டும்.

பிரிட்டனிலும் 1995-இல்தான் இதேபோல ஒரு சட்டம் வந்தது. தொடக்கத்தில் 20 பேருக்குக் குறைவான கடைகளுக்கு விலக்கு வைத்திருந்தார்கள். பிறகு 15 ஆக்கி, 2004-இல் அந்த விலக்கையே எடுத்துவிட்டார்கள். இன்று லண்டன் ஈஸ்ட்ஹாமில் இரண்டு பேரை வைத்து மளிகைக்கடை நடத்தும் தமிழரும் வேலையாளுக்கு நாற்காலி தர மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டியிருக்கும். நஷ்டஈட்டுக்கு அங்கே உச்சவரம்பும் இல்லை.

நம்மிடம் அது இல்லை. ஆனால் இருப்பதை எடுத்துக் கட்டினால் ஒரு பாலமாவது ஆகும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. அதன் 41-ஆவது பிரிவுப்படி ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ இல்லாமல் அனுப்பக் கூடாது. அனுப்பினால் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். இதற்குக் கெடு மிகக் குறுகியது, மாதக்கணக்கில் யோசிக்க நேரமில்லை. அதே சட்டத்தில் 2021-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, நாள் முழுக்க நிற்கிற கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றார்கள். கேரளம் 2018-இல் செய்ததை நாம் பின்பற்றினோம். துணிக்கடைப் பெண்களின் வீங்கிய காலுக்காக வந்த திருத்தம். நின்று கால் வீங்கியவருக்கு நாற்காலி உரிமை என்றால், சம்மணம் போட முடியாதவருக்கும் அதே நாற்காலி ஏன் கூடாது?

ராஜினாமாவுக்குப் பதில் நான் எழுதிக் கொடுத்த கடிதம் ஒரு பக்கம்தான். இத்தனை வருடமாக வேலை செய்கிறேன், இன்ன தேதியில் அறுவை சிகிச்சை நடந்தது, மருத்துவர் இன்ன தேதி முதல் வேலைக்குப் போகலாம் என்று எழுதியிருக்கிறார். தரையில் சம்மணம் போட இயலாது, நாற்காலியில் உட்கார்ந்து பில் போடவோ, விலைச்சீட்டுக் கட்டவோ, நெசவாளர் கொண்டுவரும் சேலையில் குறை பார்க்கவோ இயலும். 2016 சட்டப்படி இந்த ஏற்பாட்டைக் கோருகிறேன், பதிலை எழுத்தில் தரவும். அவ்வளவுதான். 'ஐயா அவர்களின் கருணை' என்பது போன்ற வார்த்தைகளை அவர் சேர்க்கச் சொன்னார், நான் சேர்க்கவில்லை. கருணை கேட்டால் கருணையாகத்தான் பதில் வரும். ஒரு நகலை வைத்துக்கொண்டு, ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பச் சொன்னேன். பதிவுத் தபால் இப்போது ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது.

கடையிலிருந்து எழுத்தில் பதில் வரவில்லை. கணக்குப்பிள்ளை போன் பண்ணி வரச் சொன்னார். மாடியில் விலைச்சீட்டுக் கட்டுகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மாதச் சம்பளம் அதே. விற்பனைக் கமிஷன் போய்விட்டது. சீசனில் அந்தக் கமிஷன் சம்பளத்தைத் தாண்டும். இதை வெற்றி என்று அவர் வீட்டில் பாயசம் வைத்தார்கள். நான் பாதி என்றுதான் வைத்திருக்கிறேன். கமிஷனுக்குத் தனிக் கடிதம் எழுதலாம் என்றேன். "போதும் சார், இருக்கிறதையும் கெடுத்துக்க வேணாம்" என்றார். அவர் நிலையில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ் ஏறிப் போகிற பிள்ளைகள் கதை தனி. பிரஸ் மெஷினில் விரல் போனவர்கள் வருவார்கள். தொழிற்சாலை என்பதால் அங்கே ஆட்குறைப்பு விதி, சமரச அலுவலர், தீர்ப்பாயம் என்று பாதை இருக்கிறது. 1947-ஆம் வருடத் தொழில் தகராறு சட்டம் போய், 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. பழைய சட்டத்தில் நீக்கப்பட்டவர் வழக்கெடுக்க மூன்று வருடம் இருந்தது, இதில் இரண்டுதான். பழையதில் ஒரு முள்ளும் இருந்தது. 'தொடர்ந்த உடல்நலக் குறைவு' காரணமாக வேலையை விட்டு அனுப்பினால் அந்தச் சட்டப்படி அது ஆட்குறைப்பு ஆகாது, ஆகவே ஆட்குறைப்பு நஷ்டஈடும் கிடையாது. நோய் வேறு, ஊனம் வேறு. விரல் இல்லாதவன் நோயாளி இல்லை. கம்பெனி ஆர்டரில் எந்த வார்த்தை போட்டிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டியது இதற்காகத்தான்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது தறி. நெசவாளிக்கு நியமன ஆணையும் கிடையாது, நீக்க ஆணையும் கிடையாது. முதலாளி பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுப்பார். ஒரு பாவில் மூன்று நான்கு சேலை. நெய்து கொடுத்தால் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. கண்ணோ கையோ தளர்ந்தால் அடுத்த பாவு வராது. "பாவு வரல, அடுத்த மாசம் பாப்போம்" என்பார்கள். அந்த அடுத்த மாசம் வராமலே போகும்.

இப்படி ஒரு அம்மா வந்தார். வீட்டுக்காரருக்கு நடுக்குவாதம். கரையையும் உடலையும் வேறு வேறு நிறத்தில் பிணைக்கிற கோர்வை அவருக்கு இப்போது முடியாது. கோர்வை இல்லாத ஒற்றை நாடாச் சேலையை மெதுவாக நெய்கிறார். அதற்கும் பாவு நின்றுவிட்டது, போதாததற்கு முன்பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். "அவரு தொழிலாளியே இல்லைங்கறாங்க சார். வீட்டுல தறி போட்டு நெய்யறவரு தனி ஆளாம்."

தனி ஆளா? குஜராத்தில் உப்பளத்தில் உப்பு விளைவிக்கும் அகரியாக்கள், உப்பின் அளவுக்குக் கூலி வாங்கினார்கள், குடும்பத்தையும் ஆட்களையும் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். அவர்கள் தொழிலாளிகளே என்று தாரங்கதாரா கெமிக்கல் வழக்கில் 1956-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1973-இல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கு. உருப்படிக்குக் கூலி, சிலர் துணியை வீட்டுக்கே கொண்டுபோய்த் தைப்பார்கள், வேறு கடைக்கும் தைக்கலாம். ஆனாலும் தைத்ததைச் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கும் அதிகாரம் கடைக்காரரிடம் இருந்தது, அவர்கள் அவருடைய வேலையாட்களே என்றது நீதிமன்றம். டிசைன் யாருடையது, பட்டு யாருடையது, குறை இருந்தால் கூலியில் பிடிப்பது யார் என்று பார்த்தால் காஞ்சிபுரத்துத் தறி அந்தத் தையல் மேசைக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. சொசைட்டியில் நெய்கிறவர்களுக்கு இன்னொரு பிடி உண்டு. 2016 சட்டத்தில் 'தனியார் நிறுவனம்' என்பதற்குள் கூட்டுறவுச் சங்கத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள்.

அந்த அம்மாவுக்கு நான் எழுதியது பாவு கேட்டு ஒரு கடிதம். கோர்வை இல்லாத சேலைக்குப் பாவு தரவும், தர இயலாதென்றால் காரணத்தை எழுதித் தரவும். இந்த முறை பதில் வந்தது, வக்கீல் மூலமாகவே வந்தது. 'மேற்படி நபர் எங்கள் கட்சிக்காரரிடம் பத்தொன்பது ஆண்டுகளாகப் பாவு பெற்று, எங்கள் கட்சிக்காரர் கொடுத்த டிசைன்படி நெய்து, குறைபாடுகளுக்குப் பிடித்தம் போகக் கூலி பெற்று வந்தவர். அவர் எங்கள் கட்சிக்காரரின் தொழிலாளி அல்லர்.' கடைசி வரியை நிலைநாட்டப் போய் மற்ற எல்லாவற்றையும் அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் அனுப்பிய இலவச சட்ட உதவி வக்கீலம்மா அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "இதைத் தொலைச்சுடாதீங்க" என்று மட்டும் சொன்னார். தொழிலாளர் துறையில் சமரச மனு போட்டாயிற்று. வாய்தாவுக்குப் போகும்போது அந்தப் பதிலின் அசலையும், பாவு தேதியும் பிடித்தமும் எழுதிய நோட்டையும், அரசு மருத்துவமனைச் சீட்டையும் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். முன்பணம் பற்றி அங்கே கேட்டால், இந்த நோட்டைக் காட்டாமல் எந்தத் தொகையையும் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.